படத்தில் ஏலக்காய் பொறுக்கிய பெண்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி அடைமழை நேரத்தில், போடியில் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியறையில் நடந்தது இது. இத்தனை நாளாக என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்ற வெட்கம்தான்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையின் வெப்சைட்டுக்குள் போய்ப் பொருள் வாங்குவது சாதாரண சனங்களுக்குச் சுலபமாக இருக்கிறதா, எந்த இடத்தில் முழிக்கிறார்கள், அதே பொருளை விற்கும் மற்றவர்களின் வெப்சைட் இதைவிட வசதியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பேன். கோயம்புத்தூரில் உள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை. என் மாமியாருக்கு இது ஒரு வேலையாகவே தோன்றாது. "ஊரான் கடையில நொட்டை சொல்றதுக்கு ஒனக்குச் சம்பளம் வேற குடுக்குறானா?" என்று கேட்பார். கோபப்படவும் முடியாது. நொட்டை சொல்வதில் நான் கெட்டிக்காரிதான். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு ராவுத்தர் குடும்பம், பல காலமாக ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்கள். அந்த வீட்டு அக்கா, கணவர் இறந்த பிறகு தம்பியோடு வந்து தங்கியவர். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல், வீடுகளுக்கு நேரடியாக நூறு கிராம், கால் கிலோ என்று ஏலக்காய் அனுப்பும் வெப்சைட் ஒன்றை ஆரம்பித்தார். ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். "என்னதான் கோளாறுன்னு நீ வந்து பாரு தங்கச்சி. மூடி மறைக்காமச் சொல்லு" என்றார். இதே சரக்கை விற்கும் மூன்று பெரிய வெப்சைட்டுகளோடு ஒப்பிட்டு எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. நாமே உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. நாலைந்து பேரை ஒவ்வொருவராக அழைத்து, "இதில் நூறு கிராம் ஏலக்காய் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. முகத்தில்கூட எதுவும் காட்டக் கூடாது. அவர்கள் கை போகும் போக்கைக் கேமராவில் எடுத்துவைத்துப் பிறகு பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டாயம் ஒன்று சொல்லியாக வேண்டும். பரீட்சை உங்களுக்கு இல்லை, இந்த வெப்சைட்டுக்குத்தான்; நீங்கள் எங்காவது தடுமாறினால் தப்பு அதனுடையது.

அன்றைக்கு வருவதாகச் சொன்ன தெருக்காரர்கள் மழையில் வரவில்லை. "கீழ நம்ம புள்ளைக இருக்குதுகளே, அதுகள வச்சுப் பாரேன்" என்றார் அக்கா. கீழே குடோனில் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவார்கள். முறத்தில் காயைப் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, சொறி விழுந்தது எல்லாவற்றையும் விரலால் ஓரமாக ஒதுக்கித் தள்ளுகிற வேலை. அவர்களில் ஐந்து பேர் மாடிக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தார்கள்.

சொல்லியாக வேண்டியதை முதல் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். வீட்டில் மாமியார் தனியாக இருந்தார், கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் காதிலும் விழுந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, வெரசா" என்று அடுத்தடுத்துக் கூப்பிட்டேன்.

மூன்றாவதாக வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். முப்பதைத் தாண்டவில்லை. கையைத் தரையில் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தபோதுதான் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்தது. ஐந்து மாதம் இருக்கலாம். முந்தானையை வழித்து மடியில் வைத்துக்கொண்டு, டேப்லெட்டின் முன்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு இருந்தாள்.

பெரிய வெப்சைட்டுகள் மூன்றிலும் மளமளவென்று முடித்துவிட்டாள். எட்டாவதுவரை படித்தவளாம், எழுத்துக் கூட்டிப் படித்துச் சரியான இடத்தைத் தொட்டாள். அக்காவின் வெப்சைட்டைத் திறந்ததும் வந்தது வினை. ஏலக்காய்ப் படம் பெரிதாக வந்தது. அவள் 'வாங்கு' என்கிற இடத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் மேல் விரலை வைத்து ஓரமாகத் தள்ளினாள். படம் நகர்ந்து அடுத்த படம் வந்தது. திகைத்து என்னைப் பார்த்தாள். நான் திரும்பவும் முதல் படத்தை வைத்தேன். மறுபடியும் விரலை வைத்தாள், தள்ளினாள், படம் போயிற்று. இப்படியே எத்தனையோ தடவை. கடைசியில் உள்ளங்கையின் ஓரத்தால் மொத்தமாக ஒரு தள்ளு தள்ளினாள். வெப்சைட்டே மூடிக்கொண்டது.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரிப்போடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, என் வாய் சும்மா இருக்குமா? "இது என்ன மொறமா, இப்படிக் கூட்டித் தள்ளுறீங்க?" என்றேன். கதவோரம் இருந்தவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவள் கையை வெடுக்கென்று எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் வராது மேடம்" என்று தலையைக் குனிந்தபடி எழுந்து கீழே போய்விட்டாள். நான் நோட்டில் 'படத்திலேயே மாட்டிக்கொண்டார், முடிக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான். அந்த முகத்தை அப்போதே மறந்தும் போனேன்.

சாயங்காலம் வீட்டில் பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நான் ஒப்பீட்டுப் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு வெப்சைட்டில் அக்காவுடையது கடைசி. காரணம் எழுத வேண்டுமே என்று அந்தப் பெண்ணின் வீடியோவை ஓடவிட்டேன். விரல் படுகிற இடம் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கினேன். அவள் முதலில் தொட்டது ஒரு வெடித்த காய். வாய் பிளந்து உள்ளே கறுப்பு விதை தெரிந்தது. அடுத்து ஓட்டிப் பார்த்தேன். வெளுத்த காய். அதற்கடுத்தது சொறி விழுந்தது. ஒன்பது தடவை விரல் வைத்திருக்கிறாள். ஒன்பதும் கழிசல் காய். ஒரு தடவைகூட நல்ல காயின் மேல் விரல் படவில்லை.

அவள் தடுமாறவே இல்லை. பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல காயையும் கழிசலையும் ஒன்றாகப் போட்டு 'வாங்கு' என்றால் அவள் எப்படி வாங்குவாள்? ஏன் யாரும் வாங்காமல் போகிறார்கள் என்று அக்கா என்னிடம் கேட்ட கேள்விக்கு அந்த விரல் பதில் சொல்லியிருக்கிறது. நோட்டும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகராசிக்குத்தான் அது தெரியவில்லை. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. என் சிரிப்பு வந்தது. நான் இப்படியா சிரிக்கிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. பையன் நிமிர்ந்து, "யாரும்மா அது சிரிக்கிறது?" என்று கேட்டான். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று குடோனுக்குப் போனேன். அவள் இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"அவ வரமாட்டா மேடம். விடியக்காலம் ஜீப்புல மலைக்கு காய் பறிக்கப் போயிட்டா."

"ஏன்?"

"நேத்துப் பரீட்சையில அவதான பெயிலு? மிஷினு வரப்போகுது, நாலு பேரைத்தான் வச்சுக்குவாகன்னு பேசிக்கிட்டாக. இவுக சொல்லி அனுப்புறதுக்கு முன்ன நாமளே போயிருவோம்னு போயிட்டா."

காயைத் தரம் பிரிக்கிற மிஷின் ஒன்றை அக்காவின் தம்பி எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தது உண்மை. வாங்குவதாக முடிவுகூட ஆகவில்லை. இவர்களோ மாடியில் நான் டேப்லெட்டோடு உட்கார்ந்ததை யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்பதற்கான பரீட்சை என்று நினைத்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான். அந்த ஒரு வரியைத்தான் அவசரத்தில் விழுங்கியிருந்தேன்.

இதைக் கேட்டுக்கொண்டே வந்த அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! அவளுக்கு ரெண்டு தடவை தங்காமப் போச்சே! ஜீப்புல ஏறக்கூடாது, சரிவுல நிக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லித்தான அவ மலை வேலைய விட்டுட்டு இங்க வந்ததே." புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வீட்டில் தடுத்துச் சொல்ல ஆளில்லை. போன் போட்டோம். மேலே டவர் இல்லை, போகவில்லை.

அக்கா நாலைந்து பேரைப் பிடித்து, அவள் ஏறிய ஜீப்பு எந்த எஸ்டேட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். நான் குடையைக்கூட எடுக்காமல் மூணாறு பஸ்சில் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ்சு குலுங்கும்போது என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இதே வளைவில்தானே பத்துப் பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு அந்த ஜீப்பு போயிருக்கும்? என் குலசாமியைக் கூப்பிட்டேன். அக்காவின் அல்லாவையும் கூப்பிட்டேன். யாராவது ஒருத்தர் அந்தப் புள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டே சொன்னேன்போல. பக்கத்து சீட்டு அம்மா, "என்னாத்தா, ஒடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

எஸ்டேட் கேட்டில் இருந்த ஆள் பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, "அவங்க மேலே உண்டு சேச்சி, சூக்ஷிச்சு, பாத்து ஏறணும்" என்று வழி காட்டினார். மழை தூறிக்கொண்டே இருந்தது. மண் சேறாகி வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஏலச் செடிகளின் தண்டைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். அட்டை இரண்டு காலில் ஏறியது. பிடுங்க நேரமில்லை.

ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு தரையாகக் காய்க்கும். குத்தவைத்து நகர்ந்துகொண்டே பறிக்க வேண்டும். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வரிசையாக இருந்த பெண்களில், கடைசியாக, ஒரு செடியில் சாய்ந்தபடி அவள் இருந்தாள். சேலையின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு.

"விழுந்துட்டீங்களா?" என்று கத்தியே விட்டேன்.

"இல்ல, உக்காந்த வாக்குல லேசாச் சறுக்கிட்டேன். ஒண்ணுமில்ல." பிறகுதான் நான் யார் என்பது உறைத்தது. பதறி எழப் பார்த்தாள். "நீங்க எதுக்கு மேடம் இம்புட்டுத் தூரம்?"

வழியெல்லாம் என்னென்னவோ பேச யோசித்து வந்திருந்தேன். சேற்றிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "தப்பு என்மேலதான், நான் சிரிச்சது தப்பு. உங்களுக்கு வேலையும் போகல, ஒண்ணும் போகல. தயவுசெஞ்சு கீழ வந்துருங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். "அக்கா நல்லவுக, நீங்களும் நல்லவுக. எனக்குத்தான் அறிவு பத்தாது" என்றாள்.

அப்போதுதான் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் இருவரும் தலையை நுழைத்துக்கொண்டு பார்த்தோம். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். என் சிரிப்பை அவள் இரண்டாவது தடவை கேட்க வேண்டாம்.

"ஏங் கைதான இது?" என்றாள்.

"உங்க கைதான். நீங்க தொட்ட ஒன்பதும் கழிசல். நானும் பாத்தேன், அக்காவும் தினம் பாக்குறாங்க, தம்பியும் பாக்குறாரு. எங்க யாருக்கும் தெரியல. உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

அவள் படத்தை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "ஐய, இந்தா ஓரத்துல ஒண்ணு வெடிச்சது கெடக்கே! இதை எப்படி விட்டேன்?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும், "நெசமாவே சோலி போகலையாக்கா?" என்று கேட்டாள்.

அதற்குள் கங்காணியம்மா, அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். விஷயம் தெரிந்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "மாசக்காரிய எவ ஜீப்புல ஏத்திவிட்டது? ஏண்டி, நீயாவது வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா, கூறு கெட்டவளே!" என்று திட்டிக்கொண்டே, தன் தலையில் இருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து இறக்கினோம்.

பஸ்சில் ஏறியதும் டிரைவரிடம், "அண்ணே, மாசமா இருக்காங்க, கொஞ்சம் பாத்து" என்றேன். "உக்காரச் சொல்லுத்தா, பூப்போலக் கொண்டுபோய் எறக்குறேன்" என்றார். சொன்னபடி செய்தார். வளைவு வரும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில், என் வேலைக்காக இல்லாமல் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, அந்தப் பெரிய வெப்சைட்டுகளில் மட்டும் எப்படி நிற்காமல் முடித்தாள் என்று கேட்டேன்.

"அதுல பொறுக்குறதுக்கு என்னக்கா இருக்கு? எல்லாம் ஒண்ணுபோல, பெயிண்ட் அடிச்ச மாதிரி. அது காயே இல்ல. நம்ம அக்கா போட்டோதான் நெசக் காயி. பொறுக்காம எடுத்துட்டாக, அதான்."

நான் நாள் முழுக்க உட்கார்ந்து போட்ட பட்டியலில் இப்படி ஒரு வரி இல்லை.

அக்கா பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முதுகில் ஒரு செல்ல அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார். நேராக டாக்டரம்மாவிடம் போனோம். குழந்தை நன்றாக இருக்கிறது, ஒரு வாரம் அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா அந்த ஒரு வாரமும் அவளைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டார். நான் தினமும் போனேன். வீட்டில் கேட்டால் வெப்சைட் வேலை என்றேன்.

பழைய அறிக்கையைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். படத்தை மாற்றச் சொன்னேன். அவள் பொறுக்கிய காயை முறத்தில் வைத்து, கழித்த காயையும் பக்கத்தில் சின்னக் குவியலாக வைத்து, 'இதை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம்' என்று அக்கா எழுதிப் போட்டார். கோட்டை ஒன்றும் கட்டிவிடவில்லை. ஆனால் இப்போது ஆர்டர் வராத நாள் இல்லை என்கிறார். மிஷின் பேச்சு இன்னும் பேச்சாகத்தான் இருக்கிறது.

மாசி மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது இரண்டரை வயது. குடோன் முழுக்க ஓடுகிறாள், சாக்கு மூட்டைகளில் ஏறுகிறாள், என்னைக் கண்டால் "பெரிம்மா" என்று வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போதெல்லாம், எத்தனையோ பேர் கடையில் குறை கண்டு எழுதிய என் கைக்கு, அன்றைக்கு நான் சிரித்த ஒரே ஒரு சிரிப்பின் விலை எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது.